படிப்பகச் சர்வரும் ஒரே கணத்தின் நகலும்

போன ஐப்பசி மழையில் எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் சர்வர் டிஸ்க் போய்விட்டது. டிஸ்க் போனதற்காக நான் பதறவில்லை. தினமும் ராத்திரி 2 மணிக்கு எல்லாவற்றையும் ஒரு யுஎஸ்பி டிஸ்குக்கு நகல் எடுக்கும்படி இரண்டு வருஷத்துக்கு முன்பே ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். அன்று விடியற்காலையில்கூட அது ஓடி முடிந்திருந்தது. புது டிஸ்க் மாட்டி, டெபியன் லினக்ஸை நிறுவி, யுஎஸ்பியில் இருந்ததைத் திருப்பி ஏற்றி, மரியாடிபி என்ற டேட்டாபேஸ் நிரலைக் கிளப்பினேன். கிளம்பிய வேகத்தில் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினேன். மறுபடியும் அதே.

அதற்குப் பிறகு நடந்ததையும், இப்போது ஸ்னாப்ஷாட்டை (டிஸ்க் ஒரு கணத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும் முறையை) வைத்து எப்படி அமைத்திருக்கிறேன் என்பதையும் விவரமாக எழுதி வைக்கிறேன். கடை, கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ் என்று ஒரு டேட்டாபேஸ் இரவு பகலாக ஓடுகிற எந்த இடத்திலும் இதே தவறு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம்.

முதலில் அந்தச் சர்வர் என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். விருதுநகர் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. பழைய சிற்றிதழ்கள், கோயில் கொடை நோட்டீஸ்கள், சங்கக் கூட்ட அறிக்கைகள், கல்யாணப் பத்திரிகைகள் என்று ஊர்க்காரர்கள் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து தருவதைப் படிப்பகத்தில் ஸ்கேன் செய்து வைக்கிறோம். பொறுப்பாளர் அண்ணாச்சிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பகலெல்லாம் அவர் ஸ்கேன் செய்வார். ஒவ்வொரு பக்கத்துக்கும் கொடுத்தவர் யார், எந்த வருஷத்துக் காகிதம், அதில் வரும் பெயர்கள் யாருடையவை என்று ஒரு குறிப்பும் எழுதுவார். ராத்திரி 11 மணிக்கு மேல் சர்வர் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சாய்வை நிமிர்த்தி, டெசராக்ட் என்ற நிரல் மூலம் தமிழ் ஓசிஆர் (படத்தில் இருக்கும் எழுத்தை உரையாக்கும் வேலை) ஓட்டி, கிடைத்த உரையை மரியாடிபியில் ஏற்றும். விடிகாலை 4 மணி வரை இது நடக்கும்.

அதாவது, என் பேக்கப் ஓடிய 2 மணிதான் அந்த டேட்டாபேஸுக்கு மிகவும் மும்முரமான நேரம். ஆள் இல்லாத நேரம் என்று நினைத்து நான் வைத்த நேரம் அது.

மரியாடிபி தன் பிழைகளை எழுதி வைக்கும் பிழை லாகைத் திறந்து பார்த்தேன். திரும்பத் திரும்ப ஒரே புகார். இந்தப் பக்கத்தின் வரிசை எண் எதிர்காலத்தில் இருக்கிறது, நடப்பு வரிசை எண் இதைவிடக் குறைவு என்று நூற்றுக்கணக்கான வரிகள். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எதிர்காலத்திலிருந்து ஒரு பக்கம் எப்படி வரும்?

மரியாடிபிக்குள் டேபிள்களைக் கையாளும் இன்னோடிபி என்ற பகுதி வேலை செய்யும் விதத்தைப் படித்ததும் புரிந்தது. எந்த மாற்றத்தையும் அது முதலில் ஒரு லாக் ஃபைலில் எழுதிவிடும். அப்புறம் ஆற அமர, டேபிள் ஃபைலில் இருக்கும் 16 கேபி பக்கத்தை மாற்றும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், அதைக் கடைசியாக மாற்றிய லாக் குறிப்பின் வரிசை எண் இருக்கும். நடுவில் கரண்ட் போனாலும் லாகைப் படித்து, விட்ட இடத்திலிருந்து எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம். இதில் ஒன்று மட்டும் மாறக்கூடாது: பக்கத்துக்கு முன்னால் லாக் போயிருக்க வேண்டும்.

என் ஸ்கிரிப்ட் பயன்படுத்தியது ஆர்சிங்க் என்ற நகல் எடுக்கும் நிரல். அது ஒரு ஃபோல்டருக்குள் நுழைந்தால் முதலில் அங்கே நேரடியாக இருக்கும் ஃபைல்களை எடுக்கும். அப்புறம்தான் உள் ஃபோல்டர்களுக்குப் போகும். லாக் ஃபைல் மேல் மட்டத்தில் இருந்தது. டேபிள்கள் உள் ஃபோல்டரில் இருந்தன. ஆகவே 2 மணிக்கு லாக் நகலானது. உரை டேபிள் மட்டும் 9 ஜிபி. அதன் கடைசிப் பகுதி யுஎஸ்பிக்குப் போய்ச் சேரும்போது 2:20 ஆகியிருக்கும். இடையில் ஓசிஆர் ஓடிக்கொண்டே இருந்ததால் பக்கங்கள் மாறிக்கொண்டே இருந்தன. நகலில் இருந்த லாகுக்கு 2 மணி வரைதான் தெரியும். நகலில் இருந்த பக்கங்களுக்கோ 2:20 வரை தெரியும். லாகின் கண்ணுக்கு அவை எதிர்காலப் பக்கங்கள்தான்.

கல்யாண வீட்டில் பந்தியில் தலை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு முனையிலிருந்து எண்ணிக்கொண்டு வருவோம். நடு இலைக்கு வருவதற்குள், முதலில் எண்ணிய ஒருவர் எழுந்துபோய்ச் சொந்தக்காரர் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவார். அவரை இரண்டு முறை எண்ணுவோம். எண்ணாத பக்கத்திலிருந்து எண்ணி முடித்த பக்கத்துக்கு மாறியவர் கணக்கிலேயே வரமாட்டார். ஒவ்வொரு இலையையும் சரியாகத்தான் பார்த்திருப்போம். ஆனால் கிடைத்த எண்ணிக்கை எந்த நிமிஷத்துக்கும் சொந்தமானது அல்ல. என் யுஎஸ்பி டிஸ்கில் இருந்ததும் அப்படி ஒன்றுதான். ஒரு ஃபைல்கூட விடுபடவில்லை. ஆனால் அந்த நிலையில் எங்கள் டேட்டாபேஸ் ஒரு கணம்கூட இருந்ததில்லை.

மீட்பு வேலைக்கு நாலு நாள் ஆனது. முதலில் யுஎஸ்பியில் இருந்ததை இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்து, அதில் மட்டுமே கை வைத்தேன். இந்த ஒரு விஷயத்தை யாருக்கும் அழுத்திச் சொல்வேன். இன்னோடிபியில் கட்டாய மீட்பு என்று ஒரு அமைப்பு உண்டு. அதற்கு 1 முதல் 6 வரை அளவு வைக்கலாம். 4-லிருந்து மேலே போனால் டேட்டாவே நிரந்தரமாகக் கெட வாய்ப்பு உண்டு. லாகை அடியோடு புறக்கணிக்கச் சொல்லும் 6 வரை ஏறிய பிறகுதான் சர்வர் எழுந்து நின்றது. நின்ற கையோடு டேபிள் டேபிளாக வெளியே எடுத்தேன். உரை டேபிள் பாதியில் முறிந்தது. அதைப் பற்றிக் கவலை இல்லை, படங்கள் பத்திரமாக இருந்ததால் ஓசிஆரை மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். குறிப்பு டேபிளின் கடைசிப் பகுதி வராததுதான் வலித்தது.

அண்ணாச்சியிடம் சொல்லப் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“தம்பி, நான் எழுதின குறிப்பெல்லாம் வருதா?”

சுமார் 140 பக்கங்களின் குறிப்புகள் வரவில்லை. அந்த நோட்டீஸ் யார் வீட்டுப் பரணில் கிடந்தது, அதில் இருக்கும் ‘மேலத்தெரு நாட்டாமை’ யாருடைய தாத்தா என்பதை எந்த ஓசிஆரும் சொல்லாது. அவர் தன்னிடமிருந்த ரசீது நோட்டை வைத்து, ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு, மறுபடி எழுத ஆரம்பித்தார். கொடுத்தவர்களில் ஒரு பாட்டி அதற்குள் காலமாகிவிட்டார். அவர் தந்த ஆறு பக்கங்களுக்கான குறிப்பு இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது. பேக்கப் பற்றி நான் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தது அந்த ஆறு பக்கங்களுக்காகத்தான்.

டம்ப் மட்டும் போதாதா?

தெரிந்தவர்கள் பலர் சொன்ன யோசனை, டேட்டாபேஸை டம்ப் எடுத்து (உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு உரை ஃபைலாக வெளியே எழுதி) வைத்துக்கொள் என்பது. ஒரே பரிவர்த்தனைக்குள் டம்ப் எடுக்கச் சொன்னால் இன்னோடிபி டேபிள்கள் ஒரே கணத்தின் நிலையில் கிடைக்கும், உண்மைதான். இன்றும் வாரம் ஒருமுறை அதையும் எடுக்கிறேன். ஆனால் எங்களுடையது பாதி டேட்டாபேஸ், பாதி படம். சாய்வு நிமிர்த்திய படம் ஃபோல்டரில் விழும், அதன் விவரம் டேபிளில் ஏறும். டம்ப் ஒரு நேரத்திலும் படங்களின் நகல் வேறு நேரத்திலும் எடுத்தால், டேபிளில் பெயர் இருக்கும், படம் இருக்காது. இரண்டும் ஒரே கணத்தில் உறைய வேண்டும். அதற்கு டேட்டாபேஸுக்கும் கீழே, இயங்குதளத்தின் மட்டத்தில் பிடிக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் செய்வது அதைத்தான்.

லினக்ஸில் நான் எடுத்துக்கொண்டது எல்விஎம். டிஸ்கை நேரடியாகப் பிரிக்காமல் ஒரு வால்யூம் குரூப் என்று வைத்து, அதிலிருந்து தேவையான அளவு லாஜிக்கல் வால்யூம்களை வெட்டிக்கொள்ளும் முறை இது. பழைய டிஸ்கிலும் எல்விஎம்தான் இருந்தது. ஆனால் நிறுவும்போது மொத்த இடத்தையும் ஒரே வால்யூமுக்குக் கொடுத்திருந்தேன். ஸ்னாப்ஷாட்டுக்கு வால்யூம் குரூப்பில் காலி இடம் வேண்டும். அந்த வால்யூமுக்குள் எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும் அது கணக்கில் சேராது. புது டிஸ்க் 480 ஜிபி எஸ்எஸ்டி. இந்த முறை சிஸ்டத்துக்கு 40, டேட்டாவுக்கு 300 என்று கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தொடாமல் விட்டேன். ஏற்கெனவே முழுவதும் கொடுத்துவிட்டவர்கள் ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) ஈஎக்ஸ்டி4 என்றால் வால்யூமை அன்மவுன்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து கழற்றி) சுருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் என்றால் அப்படிச் சுருக்க வழியில்லை, இன்னொரு டிஸ்கைச் சேர்ப்பதுதான் சுலபம்.

300 ஜிபி வால்யூமின் ஸ்னாப்ஷாட் ஒரு விநாடிக்குள் எடுபட்டுவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை, இவ்வளவு டேட்டாவை எப்போது நகல் எடுத்தது என்று. அது நகலே எடுக்கவில்லை. மளிகை மண்டியின் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக் கணக்கு அப்படியே வேண்டும் என்று முதலாளி சொன்னால், குமாஸ்தா மொத்தப் பேரேட்டையும் உட்கார்ந்து பகர்த்த வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொண்டால் போதும். இரண்டு மணிக்கு மேல் பேரேட்டில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திருத்த வேண்டி வந்தால், முதலில் பழைய பக்கத்தைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு, அப்புறம் திருத்துவார். அதே பக்கத்தை இன்னும் பத்து முறை திருத்தினாலும் மறுபடி எழுத வேண்டாம். இரண்டு மணிக் கணக்கைப் படிக்க வருபவர், திருத்தாத பக்கங்களைப் பேரேட்டிலும் திருத்திய பக்கங்களைச் சின்ன நோட்டிலும் பார்த்துக்கொள்வார். எல்விஎம்மில் இந்தப் பக்கத்தின் அளவு வழக்கமாக 4 கேபி. அந்தச் சின்ன நோட்டுக்குத்தான் வால்யூம் குரூப்பில் காலி இடம் தேவைப்படுகிறது.

ஸ்னாப்ஷாட் எடுக்கும் அந்தக் கணத்தில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அந்த வால்யூமுக்கு வரும் எழுத்துகளை நிறுத்தி, ஃபைல் சிஸ்டத்தின் கையில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் இறக்கச் சொல்லும். அப்புறம் கோடு கிழித்துவிட்டு எல்லாரையும் வேலையைத் தொடரச் சொல்லும். டேட்டாபேஸைப் பொறுத்தவரை, ஸ்னாப்ஷாட்டில் இருப்பது சரியாக அந்தக் கணத்தில் கரண்ட் போன சர்வர் மாதிரி. கரண்ட் போனால் எழுந்துகொள்ள இன்னோடிபிக்குத் தெரியும். அதற்கென்றேதான் அந்த லாக். அதற்குத் தெரியாதது, இருபது நிமிஷமாக இழுத்து இழுத்துப் போகிற கரண்ட் கட்டைத்தான். பழைய ஸ்கிரிப்ட் தந்தது அதை.

பூட்டு, நிரம்பல், இரண்டு வால்யூம்

சரி, ஸ்கிரிப்ட். வேலை வரிசை இதுதான்: எல்விகிரியேட் கட்டளையால் ஸ்னாப்ஷாட் எடு, அதைப் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய் (ஒரு ஃபோல்டராகத் தெரியும்படி இணை), அங்கிருந்து யுஎஸ்பிக்கு ஆர்சிங்க் ஓட்டு, அன்மவுன்ட் செய், ஸ்னாப்ஷாட்டை நீக்கு. எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சரியாக்க மூன்று வாரம் ஆனது.

முதல் சிக்கல் ஒரு பழைய டேபிள். எங்கள் நிரலை எழுதித் தந்த கல்லூரி மாணவர் உறுப்பினர் பட்டியலை மட்டும் மைஐசாம் வகையில் அமைத்திருந்தார். அதற்கு லாக் கிடையாது, கரண்ட் போனால் தானாக எழத் தெரியாது. அதற்காக ஸ்னாப்ஷாட்டுக்கு முன்னால் எல்லா டேபிள்களையும் டிஸ்கில் இறக்கிப் படிப்புப் பூட்டு போடும் கட்டளையைச் சேர்த்தேன். ஸ்கிரிப்டில், டேட்டாபேஸுக்குக் கட்டளை அனுப்பும் மரியாடிபி கிளையன்ட்டைக் கூப்பிட்டு பூட்டு போடச் சொல்லி, அடுத்த வரியில் எல்விகிரியேட். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் பூட்டு போட்ட இணைப்பு முடிந்ததும் பூட்டும் தானாகத் திறந்துவிடும். கிளையன்ட் தன் வேலையை முடித்து வெளியேறிய பிறகுதான் அடுத்த வரியே ஓடுகிறது. அதாவது ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது பூட்டே கிடையாது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் வருஷக் கணக்கில் இது தெரியாமலே போகலாம்.

கிளையன்ட்டுக்குள்ளிருந்தே ஷெல் கட்டளையை ஓட்ட ஒரு வசதி இருக்கிறது. ஒரே இணைப்பில் பூட்டு போட்டு, அதே இணைப்புக்குள்ளிருந்து எல்விகிரியேட்டை ஓட்டி, முடிந்ததும் பூட்டைத் திறக்கும்படி மாற்றினேன். மொத்தமும் சேர்த்து ஒரு மூச்சு விடும் நேரம். ஓசிஆர் அந்த நேரம் காத்திருந்துவிட்டு நடையைத் தொடர்கிறது. பின்னால் அந்த டேபிளையே இன்னோடிபிக்கு மாற்றிவிட்டேன். பூட்டை எடுக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது நிரம்பல். சின்ன நோட்டுக்கு 5 ஜிபி கொடுத்தேன். ராத்திரி ஓசிஆர் எழுதுவது இரண்டு ஜிபிக்கு மேல் போகாது என்பது என் கணக்கு. மறுநாள் காலை யுஎஸ்பியைப் பார்த்தால் பாதி ஃபோல்டர்கள்தான் இருந்தன. ஸ்கிரிப்டின் லாகில் வரிசையாக உள்ளீடு வெளியீடு பிழை என்று வந்திருந்தது. கடைசி வரியில் மட்டும் ‘பேக்கப் முடிந்தது’ என்று இருந்தது, ஏனென்றால் நான் எதையும் சரிபார்க்காமல் அந்த வரியைக் கடைசியில் எழுதியிருந்தேன். வால்யூம்களின் நிலையைக் காட்டும் எல்விஎஸ் கட்டளையில் பார்த்தபோது ஸ்னாப்ஷாட் 100 சதவீதம் நிரம்பிச் செல்லாததாகியிருந்தது. நோட்டு நிரம்பினால் எல்விஎம் ஸ்னாப்ஷாட்டைக் கைவிட்டுவிடும். மூல வால்யூமுக்கு ஒன்றும் ஆகாது. அந்த மட்டுக்கும் நல்ல குணம்.

ஏன் நிரம்பியது என்று யோசித்ததில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். எல்விஎம் ஃபைல் சிஸ்டத்துக்குக் கீழே இருக்கிறது. எந்த இடம் காலி, எந்த இடத்தில் ஃபைல் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. காலி இடத்தில் புதுப் படம் ஒன்று விழுந்தாலும், அங்கே முன்பு கிடந்த குப்பையை மதிப்புள்ள பழைய பக்கமாக நினைத்து நோட்டில் பகர்த்தி வைக்கும். அதோடு டேட்டாபேஸின் லாக், தற்காலிக ஃபைல்கள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். முதல் முழு நகல் என்பதால் ஆர்சிங்க் மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது வேறு. இப்போது 30 ஜிபி கொடுத்திருக்கிறேன். எல்விஎம் அமைப்பில் 70 சதவீதம் நிரம்பினால் தானாக 20 சதவீதம் பெரிதாக்கச் சொல்லியும் வைத்திருக்கிறேன். இந்தத் தானியங்கி வழக்கமாக அணைந்துதான் இருக்கும், நாம்தான் போட வேண்டும். தினப்படி ஓட்டத்தில் 6 ஜிபிக்கு மேல் போனதில்லை.

ஸ்கிரிப்டும் மாறியது. ஆர்சிங்க் திருப்பித் தரும் எண்ணைப் பார்க்கிறேன். 23 என்றால் சில ஃபைல்கள் வரவில்லை என்று பொருள். நகல் முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் விழுகிறது. ஆர்சிங்க் சுத்தமாக முடிந்து, அதன் பிறகும் ஸ்னாப்ஷாட் செல்லுபடியாக இருந்தால் மட்டுமே அந்த ஃபோல்டருக்கு அன்றைய தேதி பெயராக வைக்கப்படும். தேதி போட்ட ஃபோல்டர் இருந்தால் அது முழுமையானது என்று நம்பலாம். மாறாத படங்களை முந்தின நாள் ஃபோல்டருடன் ஹார்ட் லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர், இடம் ஒன்றுதான்) செய்துகொள்வதால் முப்பது நாள் நகல்கள் ஒரே டிஸ்கில் அடங்குகின்றன. இதற்கு யுஎஸ்பி டிஸ்க் ஈஎக்ஸ்டி4-ல் இருக்க வேண்டும். கடையில் வாங்கும்போது வரும் எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஹார்ட் லிங்க் கிடையாது.

மூன்றாவது நான் கட்டமைப்பிலேயே செய்த தப்பு. டேட்டாபேஸுக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று என்று அந்த 300 ஜிபியை இரண்டு வால்யூமாகப் பிரித்திருந்தேன், ஒழுங்காக இருக்கட்டும் என்று. ஸ்கிரிப்ட் முதலில் படங்களின் ஸ்னாப்ஷாட்டை எடுத்து, நகலை முடித்துவிட்டு, அப்புறம் டேட்டாபேஸின் ஸ்னாப்ஷாட்டை எடுத்தது. இடைவெளி 40 நிமிஷம். மீட்டுப் பார்த்தபோது டேபிளில் இருந்த 17 வரிகளுக்குப் படமே இல்லை. இரண்டு ஸ்னாப்ஷாட்டையும் அடுத்தடுத்து எடுத்தாலும் இடைவெளி சுருங்குமே தவிர மறையாது. எல்விஎம்மில் இரண்டு வால்யூம்களை ஒரே கணத்தில் உறைய வைக்கும் கட்டளை இல்லை. டேட்டாபேஸின் லாகை வேகத்துக்காகத் தனி வால்யூமில் வைக்கிறவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வரை நிறுத்தி, இரண்டையும் ஒரே வால்யூமுக்குள் கொண்டுவந்தேன்.

என் வீட்டு லேப்டாப்பில் பிடிஆர்எஃப்எஸ் இருக்கிறது. 2009-ல் 2.6.29 கெர்னலோடு லினக்ஸுக்குள் வந்த ஃபைல் சிஸ்டம். அதில் சின்ன நோட்டுக்கு வேலையே இல்லை. மாற்றம் வந்தால் பழைய பக்கத்தைத் தொடாமல் புதுப் பக்கத்தை வேறு இடத்தில் எழுதும், ஸ்னாப்ஷாட் பழைய பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்த இசட்எஃப்எஸ்ஸும் இதே வழி. எனக்கு அது மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனாலும் படிப்பகத்தில் எல்விஎம்மையே வைத்தேன். நான் ஊரில் இல்லாதபோது வந்து பார்க்கக்கூடிய பையன்களுக்கு ஈஎக்ஸ்டி4-தான் பழக்கம். பிடிஆர்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சப்வால்யூமுக்குள் (தனியாக ஸ்னாப்ஷாட் எடுக்கக்கூடிய பிரிவுக்குள்) இன்னொரு சப்வால்யூம் இருந்தால், வெளியே எடுக்கும் ஸ்னாப்ஷாட்டில் உள்ளே இருப்பது வராது. அந்த இடத்தில் காலி ஃபோல்டர் மட்டும் இருக்கும்.

கவுண்டரில் இருக்கும் விண்டோஸ்

படிப்பகக் கவுண்டரில் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரும் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுடன் அண்ணாச்சி நடத்தும் கடிதப் போக்குவரத்து முழுக்க அதில் அவுட்லுக் மெயில் நிரலின் ஒரே பிஎஸ்டி ஃபைலில் கிடக்கிறது. அவுட்லுக்கை அவர் மூடுவதே இல்லை. விண்டோஸின் நகல் கட்டளையான ரோபோகாப்பி அந்த ஃபைலுக்கு வந்ததும் பிழை 32 காட்டும், வேறொரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று. பாதி நகல் எடுத்து ஏமாற்றாமல் முகத்துக்கு நேரே மறுத்ததே நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

விண்டோஸில் இதற்கு விஎஸ்எஸ் என்ற சேவை எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கிறது. எல்விஎம்மைவிட ஒரு படி நயமானது. ஸ்னாப்ஷாட் கேட்டதும் அது சுற்றியிருக்கும் நிரல்களிடம் முன்கூட்டியே சொல்லும்: கையில் இருப்பதை எழுதி முடித்துக் கொஞ்சம் நில்லுங்கள் என்று. எஸ்க்யூஎல் சர்வர் போன்ற நிரல்கள் இதற்கென்றே ரைட்டர் என்ற ஒரு பகுதியை வைத்திருக்கின்றன. நிரல்கள் நிற்பதற்கு அதிகபட்சம் 60 விநாடி, ஃபைல் சிஸ்டத்தின் எழுத்தை உறைய வைப்பதற்கு அதிகபட்சம் 10 விநாடி. அதற்குள் முடியவில்லை என்றால் ஸ்னாப்ஷாட் தோற்கும். ரைட்டர் இல்லாத நிரலின் ஃபைல், கரண்ட் கட்டான நிலையில் கிடைக்கும். பழைய பக்கங்களை 16 கேபி துண்டுகளாக அதே டிஸ்கில் ஒதுக்கிய இடத்தில் பகர்த்தி வைக்கிறது. அதே பேரேடு, அதே சின்ன நோட்டு.

வீட்டு விண்டோஸில் விஎஸ்எஸ்அட்மின் கட்டளையால் ஸ்னாப்ஷாட்களைப் பட்டியலிடவும் அழிக்கவும் முடியும், புதிதாக எடுக்க முடியாது. அது சர்வர் பதிப்புகளுக்கு மட்டும். பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில், விண்டோஸின் நிர்வாக வசதியான டபிள்யூஎம்ஐ வழியாக எடுக்கலாம். எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு ஒரு ஃபோல்டர் இணைப்பு உண்டாக்கி, அங்கிருந்து ரோபோகாப்பியை ஓட்டினேன். இணைப்பு உண்டாக்கும்போது பாதையின் கடைசியில் சாய்கோடு விட்டுப்போனால் திறக்காது. ஒரு மாலை முழுக்க அதில் போனது. இப்போது பிஎஸ்டி தினமும் வருகிறது.

“எடுத்தாச்சுல்ல, அப்புறம் டிஸ்க் எதுக்கு?”

எல்லாம் ஓட ஆரம்பித்ததும் அண்ணாச்சி ஒருநாள் கேட்டார். ஸ்னாப்ஷாட் ஒரு விநாடியில் எடுபடுகிறதே, அதையே பத்து நாளைக்குப் பத்தாக வைத்துக்கொண்டால் போதாதா, யுஎஸ்பி டிஸ்க் எதற்கு என்று. நியாயமான கேள்வி, நிறைய பேருக்கு இருப்பது. பேரேடு எரிந்துபோனால் சின்ன நோட்டில் இருப்பது திருத்திய சில பக்கங்கள் மட்டும்தான் என்று சொன்னேன். உடனே புரிந்துகொண்டார். மூல டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் அதோடு போகும். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை போன்ற பணம் பறிக்கும் நிரல்கள், ஃபைல்களைப் பூட்டுவதோடு விண்டோஸின் ஸ்னாப்ஷாட்களையும் கட்டளை கொடுத்து அழித்துவிட்டன. எங்களிடம் ஸ்னாப்ஷாட்டின் ஆயுள் நகல் முடியும் வரைதான். வைத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு புது எழுத்துக்கும் பகர்த்தும் வேலை சேர்ந்து சர்வர் மெதுவாகும் என்பது இன்னொரு காரணம்.

யுஎஸ்பி டிஸ்க் இப்போது இரண்டு. ஒன்று சர்வரில் மாட்டியிருக்கும், இன்னொன்று அண்ணாச்சி வீட்டுப் பீரோவில். ஞாயிறுதோறும் மாற்றிக்கொள்வோம். மாற்றுவதற்கு முன்னால், கடைசித் தேதி ஃபோல்டரிலிருந்து டேட்டாபேஸைச் சர்வரில் ஒரு தனி இடத்துக்கு இறக்கி, 3307 போர்ட்டில் இரண்டாவது மரியாடிபியாகக் கிளப்புகிறேன். பிழை லாகில் விபத்து மீட்பு தொடங்குகிறது என்று ஒரு வரி வரும். முதல் முறை அதைப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. இப்போது அந்த வரியைத்தான் தேடுகிறேன். சில விநாடிகளில் மீட்பு முடிந்து சர்வர் தயாராகிவிடும். எதிர்காலப் பக்கம் பற்றிய புகார் ஒன்றுகூட இதுவரை வரவில்லை. அப்புறம் எல்லா டேபிள்களையும் சரிபார்க்கும் கட்டளை, அதற்கடுத்து டேபிளில் இருக்கும் ஒவ்வொரு படத்தின் பெயரும் ஃபோல்டரில் இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன நிரல். மொத்தம் இருபது நிமிஷம். ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் அண்ணாச்சி போன் செய்துவிடுவார்.

முடிவை அவர் தன் ரசீது நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைக்கிறார். தேதி, டேபிளில் எத்தனை வரி, படம் இல்லாத வரி எத்தனை, குறிப்பு எத்தனை, எந்த டிஸ்க். கம்ப்யூட்டரில் லாக் இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. போன ஞாயிறு எழுதியதில் படம் இல்லாத வரி என்ற இடத்தில் பூஜ்யம். குறிப்பு எண்ணிக்கை முந்தின வாரத்தைவிட 23 கூடியிருந்தது. இந்த வாரம் பீரோவில் இருப்பது 2-ம் எண் டிஸ்க்.